டிரைவரம்மா விட்டுப்போன மஞ்சள் சாக்பீஸ்

பிள்ளைகளே, நேற்று சாயங்காலம் பால்கனிக் கண்ணாடி முழுக்க மஞ்சளாகக் கோடு கிழித்திருந்ததைப் பார்த்து நான் போட்ட சத்தம் எனக்கே அதிகமாகத்தான் பட்டது. சின்னவள் அழுதுகொண்டே படுத்துவிட்டாள். பெரியவன், "ஒரு சாக்பீஸுக்காப்பா இவ்ளோ?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த மெழுகுச் சாக்பீஸ் ஆறு வருஷமாக டிவி அலமாரியில், பழைய மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது. அதை எடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று சொன்னதில்லை. அது என் தப்பு. பெரியவனே, உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நிதானமாக வாசி. வராத இடத்தில் அம்மாவைக் கேட்டுக்கொள். தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டு.

அப்போது உனக்கு ஐந்து வயது. தங்கச்சி அம்மா வயிற்றில் ஏழு மாசம். நாம் கட்கியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். நான் அங்கிருந்து லோக்கல் ரயில் பிடித்து சிஞ்ச்வட்டுக்கு, பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற கம்பெனிக்கு வருவேன். கான்ட்ராக்ட் ஆள். பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவனுக்கு அதுவே பெரிய வேலைதான். ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை நிரந்தரம் ஆக்குகிறவர்களின் பட்டியல் ஒன்று போடுவார்கள். அந்த வருஷம் என் பெயர் அதில் வரும் என்று லைன் சூப்பர்வைசர் வாய்விட்டே சொல்லியிருந்தார். அவர் மராட்டிக்காரர். நான் அவரை சாஹேப் என்பேன். அவர் என்னை அண்ணா என்பார். இந்த ஊரில் நம் ஆட்கள் எல்லாருமே அண்ணாதானே. நிரந்தரம் ஆனால் கம்பெனி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும், பிரசவத்துக்குக் கவலை இல்லை என்று நானும் அம்மாவும் தினமும் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் சியரா லியோனுக்கு இருபத்து நாலு பஸ் என்று ஆர்டர் வந்தது. உன் உலகப்படத்தில் பார், ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கத்தில் கடலை ஒட்டிச் சின்னதாக இருக்கும். அங்கே தலைநகரத்திலிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு அரசாங்கமே ஒழுங்காக பஸ் விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அதுவரை ஜனங்கள் சின்ன வேன்களில் நெருக்கியடித்தும் லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்தும் போய்க்கொண்டிருந்தார்களாம். முன்பும் வெளிநாட்டிலிருந்து பஸ்கள் வந்திருக்கின்றன. பார்க்க நன்றாக இருந்ததாம். ஒரு சாமான் உடைந்தால் மாற்றுச் சாமான் கிடைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக டெப்போவில் நின்று, அதற்குள் கோழி முட்டையிட்டதாம். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது என்று, பஸ் கட்டும்போதே கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட ஆள் அனுப்பினார்கள். ஒரு அதிகாரி வந்தார். இரண்டு நாள் குளிர்பதன அறையில் உட்கார்ந்துவிட்டு மும்பைக்குப் போய்விட்டார். அவரோடு வந்த டிரைவரம்மா மட்டும் தங்கிவிட்டார்.

கம்பெனியில் அவரை மேடம் என்றோம். டிரைவரம்மா என்பது நம் வீட்டில் வைத்த பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட ஒரு பிடி உயரம். காதில் சின்ன வளையம், காலில் ஆம்பிளைகள் போடுகிற ஷூ. அண்ணன் இறந்தபிறகு அவனுடைய வேனை எடுத்து ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். இப்போது புது பஸ்களை ஓட்டப்போகிற டிரைவர்கள் அத்தனை பேருக்கும் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு அவருடையது. அவர் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும். நான் பேசியது அவருக்குக் கால்வாசி புரிந்திருக்கும். எதைக் கேட்டாலும் "ஸ்மால் ஸ்மால்" என்பார். கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்போம் என்று அர்த்தம். ஆனால் அவர் பார்த்த விதத்தில் கொஞ்சம் என்பதே கிடையாது.

வந்த மறுநாளே பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் போய், கல்யாண வீட்டில் சாதம் கொட்டுகிற அளவுக்கு ஒரு அலுமினியப் பேசின் வாங்கிக்கொண்டு வந்தார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக பஸ்ஸில் ஏறினார். லைனில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். ஒருவன், "மேடம் மீன் விக்க வந்துட்டாங்க" என்று ஹிந்தியில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பாஷை புரியாவிட்டாலும் சிரிப்பு புரியாதா? பேசின் வாசல் கம்பியில் இடித்து நின்றது. அங்கேயே நின்று, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "எங்க ஊர்ல பஸ்ஸை ஓட வைக்கப்போறது நானும் இல்லை, மந்திரியும் இல்லை. இந்தப் பேசினைத் தூக்கிட்டு சந்தைக்குப் போற பொம்பளைதான். அவ ஏற முடியலன்னா பஸ் காலியாத்தான் போகும்." சிரிப்பு நின்றுவிட்டது. அன்று சாயங்காலமே எல்லா பஸ்ஸிலும் அந்தக் கம்பியை ஒரு சாண் தள்ளி வைக்க உத்தரவு வந்தது. மீன் என்று சொன்னவனே மறுநாள் அந்தப் பேசினைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினான்.

இனி என் கதைக்கு வருகிறேன். நம் ஊரில் வண்டி ரோட்டின் இடது பக்கம் போகும், டிரைவர் வலது பக்கம் உட்காருவார். அங்கே எல்லாம் தலைகீழ். அதனால் ஸ்டியரிங், பெடல், வாசல் எல்லாவற்றையும் பக்கம் மாற்றிக் கட்டினோம். முன்கண்ணாடி வைப்பரை மாட்டுவது என் வேலை. வைப்பரை இங்கும் அங்கும் ஆட்ட, பேனலுக்கு உள்ளே ஒரு கம்பிக்கோவை இருக்கும், லிங்க் என்போம். அதையும் பக்கம் மாற்றித்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் ஸ்டோரில் கொடுத்தது நம் ஊர் பஸ்ஸுக்கு மாட்டுகிற அதே லிங்க். வழக்கம்போல நானும் மாட்டினேன். மாட்டினால் ஓடும். வைப்பர் ஓடுகிறதா என்று ஒவ்வொரு பஸ்ஸின் சோதனைக் கார்டிலும் ஒரு கேள்வி இருக்கும். நாங்கள் பஸ்ஸுக்கு முன்னால் வெளியே நின்று, இரண்டு தடவை ஆடுகிறதா என்று பார்த்து, ஓடுகிறது என்று டிக் போடுவோம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. உட்கார்ந்தால் ஷூ அழுக்கு சீட்டில் படும் என்று திட்டு விழும்.

மூன்றாவது பஸ்ஸில் ஒரு ஸ்க்ரூவை முடுக்க டிரைவர் சீட்டில் உட்கார வேண்டியிருந்தது. கண்ணாடியில் தூசி. வைப்பர் துடைத்த இடம் வில் மாதிரி வளைந்து சுத்தமாக இருந்தது. துடைக்காமல் விட்ட மூலை, பாதிச் சப்பாத்தி அளவுக்கு, என் கண்ணுக்கு நேராக இடது பக்கம் இருந்தது. நம் ஊர் பஸ்ஸில் அந்த மூலைக்கு முன்னால் யாரும் உட்கார மாட்டார்கள், அதனால் தொந்தரவு இல்லை. இந்த பஸ்ஸில் அது டிரைவரின் மூலை. எதிரே வருகிற வண்டியும், அந்தப் பக்கத்திலிருந்து ரோட்டைக் கடக்கிற ஆளும் அந்த மூலைக்குள்தான் வருவார்கள். எனக்கு அது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, பிள்ளைகளே. புரியவில்லை என்று இன்றைக்கு எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். கப்பல் தேதி நெருங்குகிறது, நிரந்தரப் பட்டியல் தயாராகிறது, லைனை நிறுத்தினவன் என்ற பெயர் எதற்கு என்று நினைத்தேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு நாலாவது பஸ்ஸுக்குப் போனேன். அப்புறம் இருபத்து நாலு முடிகிறவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எல்லாம் கட்டி முடித்து, கப்பலுக்காகக் கண்ணாடிகளைக் காகிதம் ஒட்டி மூடி, பஸ்களை யார்டில் வரிசையாக நிறுத்தினோம். கடைசி பஸ் மட்டும் தண்ணீர்ச் சோதனைக்குப் போனது. ஒரு பெரிய கொட்டகைக்குள் பஸ்ஸை விட்டு, நாலு பக்கமும் மழை மாதிரித் தண்ணீர் பீய்ச்சுவார்கள். உள்ளே ஒழுகுகிறதா என்று கூரையைப் பார்ப்போம். ஒழுகுகிற இடத்தை வட்டம் போட ஆளுக்கு ஒரு மஞ்சள் மெழுகுச் சாக்பீஸ் கொடுப்பார்கள். டிரைவரம்மாவுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். நாங்கள் எல்லாரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வைப்பரைப் போட்டார். பிறகு அந்தச் சாக்பீஸால் கண்ணாடியின் உள்பக்கத்தில் மெதுவாகக் கோடு இழுத்தார், துடைக்காத மூலையைச் சுற்றி. தண்ணீர் நின்றபிறகும் அந்த மஞ்சள் கோடு அப்படியே இருந்தது.

"இங்க மழை எப்படியோ தெரியாது. எங்க ஊர் மழையில இந்த இடத்துல ஒரு குடும்பமே நின்னாலும் தெரியாது" என்றார். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது என்று அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டதிலேயே தெரிந்தது. ஆனால், "இந்த ஒரு பஸ்லதான் மேடம், லிங்க் வளைஞ்சிருக்கும், மாத்திடலாம்" என்றார். டிரைவரம்மா என்னைப் பார்த்தார். "நீதானே மாட்டினே? மத்ததுல எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு மேடம்" என்றேன். அவ்வளவுதான். மூன்று வார்த்தை. அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். மறுநாள் காலை கையெழுத்து என்று முடிவானது. வெளியே வந்ததும் சாஹேப் என் தோளைத் தட்டி, "சல்தா ஹை, அண்ணா" என்றார். போகட்டும் விடு, ஓடுகிற வரை ஓடட்டும் என்பதற்கு இங்கே அதுதான் பேச்சு.

அன்று சாயங்காலம்தான் அவரை நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். விருந்தினர் விடுதியில் தினமும் சப்பாத்தி போட்டு அவரை இளைக்க வைத்துவிட்டார்கள். சோறு கிடைக்குமா என்று அவரே ஒருநாள் கேட்டதால் அம்மா சொன்ன ஏற்பாடு அது. பெரியவனே, உனக்கு அது கொஞ்சமாவது ஞாபகம் இருக்கும். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் பிசைந்து சாப்பிட்டார். அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை இன்னும் காரமாக வைத்திருக்கலாம் என்றார். அம்மாவுக்கு அதைக் கேட்டு வாயெல்லாம் பல். "இன்னாங்க, ரெண்டு வாரமா இந்தம்மாவ விட்டுட்டு யார் யாருக்கோ டப்பால குழம்பு குடுத்து அனுப்பிட்டிருந்தேனே" என்றாள். அவர்கள் ஊர் வேன்களுக்கு என்ன பெயர் என்று நான் கேட்டேன். "போடா போடா" என்றார். நீ சாதத்தைத் துப்பிவிட்டுப் புரண்டு புரண்டு சிரித்தாய். அந்த வார்த்தைக்காகத்தான் அதற்கு முந்தின நாள் அம்மாவிடம் அடி வாங்கியிருந்தாய். நம் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் டிரைவரம்மா தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க கண்டக்டர் பசங்களும் ஜனங்களைப் பார்த்து அதையேதான் சொல்றாங்க, வேற வார்த்தையில!"

சிரித்து முடித்தபிறகு, அம்மாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். மழை உச்சத்துக்கு வரும் முன்னே பஸ்கள் வந்தாக வேண்டும் என்று ஊரிலிருந்து தினமும் போன். ஒரு பொம்பளையை அனுப்பினால் இப்படித்தான் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே இருப்பாள் என்று அங்கே சிலர் சொல்கிறார்களாம். "ஒரு பஸ்ஸுல கோளாறுன்னா கையெழுத்துப் போட்டுடலாம். நீ சரின்னு சொன்னதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. மாட்டுன கைக்குத்தானே தெரியும்" என்றார். அம்மா அவருக்கு இரண்டாம் தடவை சோறு போட்டாள். நான் எழுந்து கை கழுவப் போனேன்.

ஆட்டோ ஏற்றிவிட ரோடு வரை நடந்தோம். பேக்கரி வாசலில் கூட்டம், நல்ல வெளிச்சம். ஆட்டோவும் வந்து நின்றுவிட்டது. அப்போதுதான் சொன்னேன். "மேடம், எல்லா பஸ்லயும் அப்படித்தான். மூணாவது பஸ்லயே பார்த்துட்டேன்." என் இங்கிலீஷில் அது எப்படி வந்ததோ, விரலால் கணக்குக் காட்டினேன். இருபத்து நாலுக்கு நாலு தடவை ஐந்து விரலும், ஒரு தடவை நாலு விரலும். அவர் ஆட்டோக்காரரைக் கையால் நிறுத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இதை ஏன் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்றே? முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டாம் தடவை சோறு வாங்கியிருக்க மாட்டேன்."

சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னார்: "என்கிட்ட சொன்னது போதாது. நாளைக்கு அவங்க முன்னாடி சொல்லு. நான் சொன்னா, டிரைவருக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்பாங்க." என் பட்டியல் விஷயம் அவருக்குத் தெரியும், நான் ஒருநாள் சொல்லியிருந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஆட்டோ போய்விட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "கொழந்தைய கட்கி சர்க்கார் ஆஸ்பத்திரியிலயும் பெத்துக்கலாம்" என்றாள்.

மறுநாள் காலை, ஏற்றுமதி மேனேஜர், சாஹேப், டிரைவரம்மா மூன்று பேர் முன்னாலும் சொன்னேன். மேனேஜர், "தெரிஞ்சும் டிக் போட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். டிரைவரம்மா கையெழுத்துப் போடவில்லை. பக்கம் மாற்றிய லிங்கைத் தளேகாவில் ஒரு சின்னப் பட்டறையில் செய்யக் கொடுத்தார்கள். அது வந்து மாட்டி முடிக்க மூன்று வாரம் ஆனது. கப்பல் போய்விட்டது, அடுத்த கப்பல்தான். அவரும் அந்த மூன்று வாரம் இங்கேயே இருந்தார். ஊரிலிருந்து வந்த போன்களை வெளியே போய் வெயிலில் நின்று பேசிவிட்டு வருவார். திரும்பி வரும்போது முகம் இறுகியிருக்கும். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "ஸ்மால் ஸ்மால்" என்பார்.

நான் மாட்டின ஒவ்வொரு பஸ்ஸும் அந்தத் தண்ணீர்க் கொட்டகைக்குள் போனது. முதல் பஸ்ஸில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, டிரைவர் சீட்டைக் காட்டி, "உட்கார்" என்றார். ஷூவைக் கழற்றப் போனேன். "டிரைவர் ஷூவோடதான் உட்காருவான்" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். வைப்பர் இடது ஓரம் வரை வந்து திரும்பியது. அப்புறம் இருபத்து மூன்று தடவை அப்படியே உட்கார்ந்தேன். மஞ்சள் கோடு போட்ட பஸ்ஸைக் கடைசியில் பார்த்தோம். வெளியே வைப்பர் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்ப் போய்த் துடைத்துவிட்டு வந்தது. அவர் சாக்பீஸை டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். மறந்து வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா என்று நான் கேட்கவில்லை. கோட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுச் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த வருஷப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாஹேப் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. மூன்றாவது வாரம் அம்மாவின் தக்காளித் தொக்கு வேண்டும் என்று டப்பாவை நீட்டினார். இரண்டு வருஷம் கழித்து நிரந்தரம் ஆனேன். சின்னவளே, நீ கட்கி சர்க்கார் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாய், ஒரு குறையும் இல்லை. டிரைவரம்மா எப்போதாவது போனில் குரல் பதிவு அனுப்புவார். பஸ்கள் ஓடுகின்றன. சில, சாமான் வராமல் நிற்கின்றன, அதற்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். போன மாசம் ஒரு வீடியோ வந்தது. கொட்டுகிற மழையில் பஸ் ஓட, டிரைவர் தோளுக்கு மேலிருந்து எடுத்தது. பேச்சே இல்லை. வைப்பர் சத்தம் மட்டும். வளைவில் ஒரு பெண் தலையில் பேசினோடு பஸ்ஸுக்குக் கை காட்டுகிறாள். இடது பக்கம், அந்த மூலையில்தான் நிற்கிறாள். நன்றாகத் தெரிகிறாள்.

இதற்குத்தான் நேற்று கத்தினேன்.

இன்று காலை நீங்கள் ஸ்கூலுக்குப் போனபிறகு, எனக்கு இரண்டாம் ஷிஃப்ட் என்பதால், எண்ணெய்த் துணியோடு பால்கனிக்குப் போனேன். வெளியே தூறல். கண்ணாடியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கோணல் கோடுகள், நடுவில் ஒரு சின்ன வட்டம். துடைக்கக் கை வைத்தவன் எதற்கோ நிறுத்தினேன். கீழே முட்டி போட்டேன். இன்னும் கொஞ்சம் குனிந்து, சின்னவள் கண் இருக்கிற உயரத்துக்கு வந்தேன். ஒவ்வொரு கோடும் வெளியே தெரிகிற ஏதோ ஒன்றின்மேல் போய் உட்கார்ந்தது. எதிர் பில்டிங்கின் மொட்டைமாடி விளிம்பு, அதன்மேல் தண்ணீர்த்தொட்டி, பின்னால் ரயில் கம்பங்கள் நாலும் அதே அதே இடத்தில். வட்டத்துக்குள் பார்த்தேன். கீழே கேட்டுக்கு வெளியே, ஸ்கூல் பஸ் வந்து நிற்கிற இடம்.

துணியை மடித்து வைத்துவிட்டேன். சாக்பீஸை மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்து, பால்கனி ஓரத்தில், அவள் கை எட்டுகிற உயரத்தில் வைத்தேன்.